பல்லடம் மைலேஜ் போட்டி: திருச்சியிலிருந்து போய் வந்த கதையும் ஒரு சந்தேகமும்

#1 காவிரிக்கரை (திருச்சி)

பல்லடம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள் சிலர் சேர்ந்து ஒரு மைலேஜ் போட்டி வைத்தார்கள். கம்பெனி விளம்பரம் கிடையாது, எந்த வண்டியானாலும் வரலாம், பெட்ரோலில் ஓடினால் போதும். நானும் என் மச்சானும் சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். என்னுடையது 2011 ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டர். அவனுடையதும் ஸ்ப்ளெண்டர்தான், ஆனால் பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு ஏற்ப வந்தது), எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்.

குளித்தலை, மாயனூர், கரூர், தென்னிலை, வெள்ளகோவில், காங்கேயம், பொங்கலூர் என்று 81-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே போகலாம். ஏறத்தாழ 175 கி.மீ. மாயனூர் கதவணை வரை ஒரு குறையும் இல்லை. வலப்பக்கம் காவிரி, வாழைத்தோப்பு, சாலையில் நிழல். கரூர் தாண்டியதும் ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. தென்னிலையிலிருந்து காங்கேயம் வரை பொட்டல்காடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. ஆக்சிலேட்டரை முக்கால்வாசி திருகியும் முள் 60-ஐத் தாண்டவில்லை. லாரி எதிரே வந்து கடக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி அரை அடி நகர்ந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை வெள்ளகோவில் பக்கம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனால் நம்பலாம்.

பல்லடத்தில் டேங்க்கை நிரப்பிப் பார்த்தோம். எனக்கு லிட்டருக்கு 58, மச்சானுக்கு 60. ஊருக்குள் ஓட்டுவதைவிடக் குறைவு.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போட்டி. செட்டிபாளையம் சாலையில் 20 கி.மீ. போய் அதே வழியில் திரும்ப வேண்டும். 70 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து உருட்டக் கூடாது, கண்ணாடியைக் கழற்றக் கூடாது, ஹெல்மெட் கட்டாயம். செட்டிபாளையத்தில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கார் பந்தயத்துக்குப் பேர்போன அந்த ஊர்ச் சாலையில் நாங்கள் டாப் கியரில் 37-ல் ஊர்ந்து கொண்டிருந்தோம். இளநீர்க் குலை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் ஒன்று ஹாரன் அடித்து என்னை முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, "வண்டி ரிப்பேருங்களா?" என்று வேறு கேட்டார்.

இப்போது என் சந்தேகம். கார்புரேட்டர் வண்டிகளுக்கு டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, 200 மி.லி. பெட்ரோல் பாட்டிலை ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார்கள். எங்களுக்கு 20 கி.மீ. கிடையாது, எட்டு கி.மீ. போய்த் திரும்பி, வண்டி நிற்கும் வரை ஓட்ட வேண்டும். எனக்கு 17.6 கி.மீ. வந்தது, அதாவது லிட்டருக்கு 88. எஃப்ஐ வண்டிக்குப் பாட்டில் கட்ட முடியாது. பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள வேண்டும். அதனால் அவர்களுக்கு டேங்க்கை வாய்வரை நிரப்பி, 40 கி.மீ. ஓட்டி, திரும்பி வந்ததும் அளவுக் குவளையால் மறுபடி நிரப்பினார்கள். மச்சானுக்கு 97! முதல் பரிசு வாங்கியவருக்கு 106.

வரும்போது எங்கள் இருவர் வண்டியும் கிட்டத்தட்ட ஒரே மைலேஜ். திருச்சி திரும்பும்போது காற்று முதுகில், எனக்கு 73, அவனுக்கு 74. அப்படியிருக்க, போட்டியில் மட்டும் ஒன்பது கி.மீ. எங்கிருந்து வந்தது? யாரையும் குற்றம் சொல்லவில்லை, நடத்தியவர்கள் நேர்மையானவர்கள். புரியவில்லை, அவ்வளவுதான்.

#2 நாலாவதுகியர் (சென்னை)

எஃப்ஐ எஃப்ஐதான் நண்பரே. சென்சார் பார்த்து அளந்து ஊற்றுகிறது. இதில் என்ன சந்தேகம்.

#3 காவிரிக்கரை (திருச்சி)

அப்படியென்றால் திருச்சி வரை வந்த 175 கி.மீ.யில் அந்தச் சென்சார் என்ன செய்துகொண்டிருந்தது?

#4 ஒற்றைச்சிலிண்டர் (மதுரை)

எனக்கு இந்தப் போட்டிகள் மேலேயே நம்பிக்கை இல்லை. 37-ல் யார் அலுவலகம் போகிறார்கள்? டயரில் 45 பவுண்டு காற்று அடிக்கிறார்கள், செயினில் எண்ணெய் சொட்டுகிறது, பிரேக்கைத் தளர்த்தி விடுகிறார்கள். அந்த வண்டியைத் திங்கட்கிழமை ஈரச் சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும். அதுவும் லாரி போகும் சாலையில் 35-ல் போவது மற்றவர்களுக்கும் ஆபத்து.

#5 பல்லடம்_பட்டறை

வணக்கமுங்க. போட்டி நடத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். முதல்ல மதுரை அண்ணனுக்குப் பதில் சொல்லிடறேன். டயர் காற்றைக் கிளம்பும் முன்னாடி கேஜ் வெச்சுப் பார்த்தோம். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல இருந்தா இறக்கிவிட்டோம். சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பார்த்து, பிரேக் பிடிக்குதான்னும் பார்த்தோம். ரெண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினோம், அவங்களுக்கு எங்க மேல இன்னும் கோபம்.

பாட்டில் முறையில ஒரு தில்லுமுல்லு உண்டு. கார்புரேட்டர் கிண்ணத்துல ஏற்கனவே பெட்ரோல் நிக்கும். அது கணக்குல வராம ஓடிரும். அதனால கிண்ணத்தை வடிச்சுட்டுத்தான் பாட்டில் மாட்டினோம். அந்தப் பக்கம் சுத்தம். எஃப்ஐ வண்டிக்கு வேற வழி தெரியல. நடு ஸ்டாண்டு போட்டு, சமதளம் பார்த்து, நுரை அடங்கற வரைக்கும் காத்திருந்து நிரப்பினோம். ஆனா 106 வந்தப்ப எங்களுக்கே நம்ப முடியல. ரெண்டு தடவை ஊத்திப் பார்த்தோமுங்க.

#6 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

இரண்டு கேள்வி. காலையில் நிரப்பியது எத்தனை மணிக்கு? திரும்பி வந்து நிரப்பியது எத்தனை மணிக்கு? வண்டிகள் வெயிலில் நின்றனவா, நிழலிலா?

#7 ஒற்றைச்சிலிண்டர் (மதுரை)

அது மூன்று கேள்வி வாத்தியாரே.

#8 பல்லடம்_பட்டறை

ஆறு மணிக்கு நிரப்பினோம். அப்போ குளிர்காத்துங்க. திரும்பி வந்து, வரிசையில நின்னு, ஒவ்வொருத்தருக்கா ஊத்தி முடிக்க ஒன்பதரை ஆயிருச்சு. இருந்தது ஒரே குவளை. நிழல் எங்க இருக்கு, காட்டுக்குள்ள.

#9 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

அப்படியானால் விஷயம் வெளிச்சம். பெட்ரோல் சூடானால் விரியும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும், 0.00095 என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இங்கே விரிவது ஓடிச் செலவான பெட்ரோல் அல்ல, டேங்க்கில் மீதம் இருக்கும் பெட்ரோல்.

மச்சான் வண்டியின் டேங்க் 9.8 லிட்டர். 40 கி.மீ.க்கு உண்மையில் 500 மி.லி. செலவாகியிருந்தால் மீதம் 9.3 லிட்டர். ஆறு மணிக் குளிருக்கும் ஒன்பது மணி வெயிலுக்கும் இடையில் அந்தப் பெட்ரோல் 10 டிகிரி சூடாகியிருந்தால் (இரும்பு டேங்க், மேலே வெயில், கீழே எஞ்சின், இது அதிகமே இல்லை) 88 மி.லி. விரிந்திருக்கும். டேங்க்கும் விரியும், அது மூன்று நான்கு மி.லி.தான், விட்டுவிடலாம். காலியான 500-இல் 88-ஐ வெயிலே நிரப்பிவிட்டது. நீங்கள் ஊற்றியது 412. நாற்பதை 0.412-ஆல் வகுத்தால் 97. மச்சானுடைய உண்மையான மைலேஜ் 80-ஆக இருந்தாலும் குவளை 97 என்றுதான் காட்டும்.

இதற்கே இப்படி. 106 வாங்கியவர் டேங்க் எத்தனை லிட்டர்? வரிசையில் எத்தனையாவதாக நின்றார்?

#10 பல்லடம்_பட்டறை

11 லிட்டர் டேங்க். கருப்பு வண்டி. வரிசையில கடைசிங்க.

#11 நாலாவதுகியர் (சென்னை)

😂😂

#12 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

அவருக்கு 106 வர நீங்கள் ஊற்றியது 377 மி.லி. இருந்திருக்கும். கடைசியாக நின்றதால் 12 டிகிரி என்று வைத்தால் பத்தரை லிட்டர் 120 மி.லி. விரியும். கூட்டினால் 497. அவருக்கும் 80தான்! அத்தனை எஃப்ஐ வண்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடித்திருக்கின்றன. பரிசை முடிவு செய்தது டேங்க்கின் அளவும் வரிசையில் நின்ற நேரமும்.

டிகிரிக் கணக்கு என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் பரிசைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

#13 காவிரிக்கரை (திருச்சி)

வாத்தியாரே, கும்பிடுகிறேன். மச்சானிடம் காட்டினேன். "உன் பாட்டில்ல மட்டும் வெயில் படலையா" என்கிறான்.

#14 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

பட்டிருக்கும். ஆனால் 200 மி.லி.யில் 10 டிகிரிக்கு விரிவது 2 மி.லி.கூட இல்லை. மீதம் என்று எதுவும் இல்லாமல் கடைசிச் சொட்டு வரை ஓடுவதால் அந்த முறை தப்பிக்கிறது.

போகும்போது வந்த 58-க்கும் கணக்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீங்கள் 60-ல் போக, எதிர்க்காற்று 25 என்றால் வண்டிக்கு அது 85. 60-ஐ விட எதிர்ப்பு இரண்டு மடங்கு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து வர, வண்டி உணர்வது 35 மட்டும். எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்குத் திருச்சி கடல் மட்டத்திலிருந்து 80, 90 மீட்டர், பல்லடம் 300-க்கு மேல். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மலை ஏறியிருக்கிறீர்கள். வண்டி, ஆள், மூட்டை சேர்த்து 190 கிலோவை அவ்வளவு உயரம் ஏற்ற சுமார் 60 மி.லி. பெட்ரோல் போயிருக்கும்.

#15 வளைகுடாவாசி (சான் ஹோசே)

இழை சுவாரசியமாகப் போகிறது, ஒன்று சேர்க்கிறேன். மோட்டார் சைக்கிள் மைலேஜ் போட்டி என்றால் அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வருபவர் கிரெய்க் வெட்டர். விண்ட்ஜாமர் என்ற முன்புறக் காற்றுத்தடுப்பை வடிவமைத்து விற்றுப் பெரிய ஆளானவர், டிரையம்ஃப் எக்ஸ்-75 ஹரிக்கேன் வண்டியின் வடிவமும் அவருடையதுதான். எண்ணெய் விலை எகிறிய காலத்தில், 1980-ல், அவர் ஒரு போட்டியைத் தொடங்கினார். நம் பல்லடம் போட்டி மாதிரி ஊர்வதற்கு அதில் இடமில்லை. பொதுச் சாலையில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து போக வேண்டும். 1985-ல் ஜெயித்த வண்டி கேலனுக்கு 470 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 200 கி.மீ.

எப்படி என்றால், எஞ்சினைவிடக் கூட்டில்தான் அவர்கள் மெனக்கெட்டார்கள். வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து மூக்கு முதல் வால் வரை மூடிவிட்டார்கள். முன்பக்கத்தைக் கூர்மையாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பின்னால் காற்று சுழன்று இழுப்பதுதான் பெரிய தொல்லை, அதனால் வால் நீளமாக இருக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து அவர் போட்டியை மறுபடி தொடங்கியபோது வைத்த இலக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். மணிக்கு 70 மைல் வேகம், எதிரே 30 மைல் காற்று, ஓட்டுபவர் குனியாமல் சௌகரியமாக உட்கார்ந்திருக்க வேண்டும், கூடவே நாலு பை மளிகைச் சாமான் ஏற்ற இடம் வேண்டும். மனிதர் வாழ்க்கையைப் பார்த்து எழுதிய விதி.

#16 காவிரிக்கரை (திருச்சி)

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிடந்தது. கரூரிலிருந்து காங்கேயம் வரை நாங்கள் ஓட்டியதுதான் அந்த விதி! எதிர்க்காற்று இருந்தது, முதுகில் மூட்டை இருந்தது, லாரிகளோடு சேர்ந்து போகும் வேகமும் இருந்தது. ஒரு வண்டி நல்ல வண்டியா, ஓட்டுபவன் நல்ல ஓட்டுநரா என்று தெரிந்தது அங்கேதான். செட்டிபாளையம் சாலையில் 37-ல் அளந்தது எங்கள் பொறுமையை.

பரிசு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைலேஜ் போட்டிக்கு வண்டியை டீசலில் கொண்டுவருகிறார்கள்!

#17 ஒற்றைச்சிலிண்டர் (மதுரை)

டெம்போ 😂 இது ஒன்று போதும்.

#18 டீசல்புல்லட் (நாகர்கோவில்)

டீசல் என்று வந்ததால் ஒரு வார்த்தை. ராயல் என்ஃபீல்டு டாரஸ் ஓட்டியவர் யாராவது இங்கே உண்டா? கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின், 325 சிசி. இறைப்பு மோட்டார் சத்தம். வேகம் அறுபது தொடுவதற்குள் தாலி அறுந்துவிடும், ஆனால் லிட்டருக்கு எழுபதுக்குக் குறையாது. எங்கள் அப்பா அதில் மீன் வியாபாரத்துக்குப் போனார். டெம்போவும் தேவையில்லை, போட்டியும் தேவையில்லை.

#19 புதியவன் (ஈரோடு)

எல்லோரும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை மறந்துவிட்டீர்களே. 2011 கார்புரேட்டர் வண்டிக்கு அதுதான் பிரச்சினை. என் வண்டி 65 கொடுத்தது இப்போது 50தான் கொடுக்கிறது. எல்லாம் எத்தனாலின் வேலை.

#20 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

தம்பி, குறையும், ஆனால் அவ்வளவு குறையாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்த ஆற்றல் 7 சதவீதத்துக்குள்தான் குறையும். நிதி ஆயோக் 2021 அறிக்கையில் பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3, 4 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அதை நம்பாவிட்டாலும் ஏழைத் தாண்டாது. 65, 50 ஆனால் அது 23 சதவீதம். ஏர் ஃபில்டரையும் பிரேக்கையும் பாருங்கள். ரப்பர் குழாய், வாஷர் கெட்டுப்போகும் பிரச்சினை வேறு, அதைத் தனி இழையில் பேசலாம்.

#21 பல்லடம்_பட்டறை

ஈரோட்டுத் தம்பி, நடு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால சுத்துங்க. விட்டதும் உடனே நின்னா பிரேக் உரசுது, இல்ல செயின் இறுகிக் கிடக்குது. பத்து வண்டி மைலேஜ் இல்லைன்னு வந்தா ஆறு வண்டிக்கு இதுதான் நோய். கிளட்ச் கேபிள்ல கொஞ்சம் தொய்வு இருக்கோணும். தொய்வே இல்லாம இழுத்துக் கட்டியிருந்தா கிளட்ச் நழுவும், எஞ்சின் சத்தம் போடும், வண்டி போகாது, பெட்ரோல் மட்டும் போகும்.

அப்புறம் வாத்தியார் ஐயாவுக்கு. நேத்து ராத்திரி எங்க ஆளுங்க நாலு பேர்கிட்ட உங்க கணக்கைப் படிச்சுக் காட்டினேன். ஒருத்தன் ஒத்துக்கல. அதனால இன்னிக்குக் காலையில பட்டறையில ஒரு வண்டி டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஓரமா அரை லிட்டர் உறிஞ்சி எடுத்துட்டு, வெயில்ல நிறுத்தினோம். ஓட்டவே இல்ல, சும்மா நிறுத்தினதுதான். பத்து மணிக்கு எடுத்த அரை லிட்டரைத் திருப்பி ஊத்தினா, முழுசும் உள்ள போகல! குவளையில 70 மி.லி. மிச்சம் நின்னுச்சு. ஒத்துக்காதவன் வாயை மூடிட்டு டீ வாங்கப் போயிட்டான்.

அடுத்த தடவைக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. எடை போட்டுருவோம். பம்ப்புக்குக் கரண்டு போற கப்ளரைக் கழற்றிட்டு எஞ்சினைத் தானா அணையற வரைக்கும் ஓடவிட்டா குழாயில அழுத்தம் இறங்கிரும். அப்புறம் டேங்க்கைக் கழற்றி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுல வெக்கலாம். 5 கிராம் சுத்தமாக் காட்டும். வெயில் அடிச்சாலும் எடை மாறாதுங்களே.

#22 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

அருமை. அரை லிட்டர் பெட்ரோல் 370 கிராம் வரும். 5 கிராம் பிசகினால் ஒன்றரை சதவீதத்துக்குள். குவளையோடு ஒப்பிட்டால் இது தங்க நிறுவை. பெட்ரோல் ஆவியாகாமல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டேங்க் கழற்றும் இடத்தில் பீடிக்குத் தடை.

#23 காவிரிக்கரை (திருச்சி)

அண்ணே, தராசு நல்லதுதான். ஆனால் தராசே வேண்டாத வழி ஒன்று இருக்கிறது. 40 கி.மீ. ஓட்டுவதால்தான் இந்தப் பாடு. 350 கி.மீ. ஓட்டினால் ஐந்து லிட்டருக்கு மேல் செலவாகும். நிரப்புவதில் 50 மி.லி. முன்னே பின்னே போனாலும் ஒரு சதவீதம்தான். மறுநாள் விடியற்காலையில், அதே குளிரில், அதே பங்க்கில் நிரப்பினால் வெயில் கணக்கும் அடிபட்டுப் போகும்.

என் யோசனை இதுதான். பல்லடத்தில் எல்லோரும் ஒன்றாக நிரப்பட்டும். கரூர், குளித்தலை வழியாகத் திருச்சி வந்து, இரவு தங்கி, மறுநாள் திரும்பட்டும். காலை ஐந்து மணிக்கு எந்தப் பங்க்கில் கிளம்பினார்களோ, திங்கள் காலை ஐந்து மணிக்கு அதே பங்க்கில் நிரப்பட்டும். சராசரி வேகம் 50-க்குக் குறைந்தால் ஆட்டம் இழந்தார். காற்று போக வர இரண்டு பக்கமும் அடிக்கும், ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரி. டெம்போக்காரர்கள் தானாகக் கழன்றுவிடுவார்கள். திருச்சியில் தங்கவும் சாப்பாட்டுக்கும் நானும் மச்சானும் பொறுப்பு.

#24 நாலாவதுகியர் (சென்னை)

திங்கள் காலை என்றால் லீவு போட வேண்டுமே.

#25 பல்லடம்_பட்டறை

தம்பி சொல்றது எங்களுக்குச் சம்மதம். ரெண்டு பரிசு வெச்சுக்கலாம். தராசுல ஒண்ணு, திருச்சி போய் வர்றதுக்கு ஒண்ணு. தை மாசம் வெச்சா காத்து இருக்காது, ஆடியில வெச்சா நல்லாப் பிழியும். ஆடியிலயே வெக்கலாம்னு இங்க பெரும்பான்மை. லீவு கிடைக்காதவங்க ஞாயிறு தராசுக்கு மட்டும் வாங்க.

#26 ஒற்றைச்சிலிண்டர் (மதுரை)

நான் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனால் இந்த விதி என்றால் வருகிறேன். மதுரையிலிருந்து திருச்சிக்கு நேராக வந்து சேர்ந்துகொள்ளலாமா?

#27 காவிரிக்கரை (திருச்சி)

கிளம்பும் பங்க் ஒன்றாக இருக்க வேண்டும் அண்ணே. முதல்நாளே பல்லடம் வந்துவிடுங்கள். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி நன்றாக இருக்கும், காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

#28 தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எக்ஸ்எல் 100 வண்டியைச் சேர்த்துக்குவீங்களா? எங்கிட்ட அதுதான் இருக்குது.

#29 கணக்குவாத்தி (தஞ்சாவூர்)

டேங்க் 4 லிட்டர்தான். குவளை முறையிலேயே ஓட்டினாலும் விரிவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. போன போட்டியில் கலந்துகொண்டிருந்தால் கடைசி இடம் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்ன ஒரே டேங்க்கும் உங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

#30 பல்லடம்_பட்டறை

வாங்கண்ணா, சேர்த்துக்கறோம். திருச்சி போகும்போது நடுவுல ஒரு தடவை பெட்ரோல் போட வேண்டி வரலாம், பில்லை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க. இளநீர்க் குலையை இறக்கி வெச்சுட்டு வரோணும், அது ஒண்ணுதான் விதி.